எட்டு மணிக்கே ஏன் கிளம்பணும்?

எங்க சைக்கிள் குழுவோட வாட்ஸப்பில் நேத்து ராத்திரி வழக்கமான செய்தி வந்தாச்சு. "ஞாயிறு காலை 8 மணி, 100 கிலோமீட்டர், நடுவுல டீக்கடை. யார் யார்?" காலையில பாத்தா பதினாலு கட்டைவிரல். என்னோடது மட்டும் இல்லை. "என்ன, போர்வைக்குள்ளயே இருந்துட்டியா?"ன்னு ஒருத்தர் தனியா வேற கேட்டுட்டார். அவருக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வரியில சொல்ற விஷயம் இல்லை இது. அதான் இங்க வந்து புலம்பறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்லயே சொல்லிடறேன், குளிர்காலத்துல கும்பலா சைக்கிள் ஓட்டறதுக்கு நான் எதிரி இல்லை. லண்டனுக்குத் தெற்கே சர்ரே குன்றுப் பக்கம் பத்து வருஷமா இவங்களோட சுத்தறவன். தனியா இருந்தா ஜனவரி மாசம் கதவைத் திறந்து மூக்கை மட்டும் நீட்டிட்டு திரும்பப் போய் படுத்துக்குவேன். தெருமுனையில பத்து பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு தெரிஞ்சாதான் கால் வெளிய வரும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிப் போனா, பின்னால வர்றவருக்கு காத்தை எதிர்க்கிற வேலை ரொம்பக் குறைஞ்சுடும். எதிர்க்காத்துல அஞ்சு நிமிஷம் முன்னாடி நின்னு இழுத்துட்டு, ஒதுங்கி, வரிசைக் கடைசியில வந்து ஒட்டிக்கும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கே... அதை எழுதிப் புரியவைக்க முடியாது. மட்கார்டு இல்லாம வந்தவனைக் கடைசியில தள்ளிடுவாங்க, அவன் பின்சக்கரம் பீச்சியடிக்கிற சேறு பூரா பின்னால வர்றவன் வாயிலதான் விழும். டீக்கடையில டோஸ்ட் மேல தக்காளிச்சாறுல ஊறின பீன்ஸைக் கொட்டித் தருவாங்க. வீட்டுல அதைக் கொடுத்தா தட்டைத் தள்ளி வைப்பேன். 50 கிலோமீட்டர் மிதிச்சு, விரலெல்லாம் மரத்துப்போய் உக்காந்தா அதுதான் அமிர்தம். அந்த விரல் திரும்பச் சூடேறும்போது வர்ற வலி தனிக்கதை. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்குவாங்க.

ஆக, என் சண்டை குளிரோட இல்லை. எட்டு மணியோடதான்.

டிசம்பர் கடைசியில லண்டன்ல சூரியன் உதிக்கறதே எட்டு மணிக்கு மேலதான். நாலு மணிக்குள்ள அஸ்தமனம். பகல்ங்கறது முழுசா எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அதனால வெளிச்சம் வந்த உடனே கிளம்பிடணும்னு ஒரு கணக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா ராத்திரி பூரா தரை தன்னோட சூட்டை இழந்துக்கிட்டே இருக்கு. மேகம் இல்லாம, காத்தும் இல்லாம இருந்தா இன்னும் வேகமா இழக்கும். சூரியன் வந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் அது திரும்ப ஏற ஆரம்பிக்கும். அதாவது நாம தொடை தட்டிக்கிட்டு கிளம்பற நேரம்தான் நாள்லயே ரொம்ப சில்லுன்னு இருக்கற நேரம். "ஃபோன்ல 2 டிகிரின்னு போட்டிருக்கே?" அது காத்தோட கணக்கு. இந்த ஊர் வானிலை நிலையங்கள்ல அதை அளக்கறது தரையிலிருந்து ஒண்ணேகால் மீட்டர் உயரத்துல. அந்த மாதிரி காலையில தரை அதைவிட ரெண்டு மூணு டிகிரி கம்மியாவே கிடக்கும். நம்ம டயர் ஓடறது தரையில.

இதுல இன்னொரு கூத்து. மாநகராட்சி லாரி வந்து உப்பு தூவறது பெரிய ரோட்டுலதான். நமக்கோ கார் இல்லாத சின்னச் சின்ன சந்து ரோடுதான் வேணும், அழகே அங்கதான் இருக்கு. அங்க உப்பு கிடையாது. ரெண்டு பக்கமும் வேலி, மேல மரம், வெயில் மதியம் வரைக்கும் எட்டிப் பாக்காது. வயக்காட்டுத் தண்ணி ரோட்டுக்குக் குறுக்கே ஒழுகி அப்படியே உறைஞ்சிருக்கும். பிளாக் ஐஸ்னு பேருதான் கருப்பு. நிறமே கிடையாது, அடியில இருக்கற தாரு அப்படியே தெரியும். ஈரம்னு நினைச்சுப் போவோம்.

தனியாப் போறவன் விழுந்தா அவன் மட்டும் விழுவான். கும்பல்ல ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவுல முக்கால் மீட்டர் இருந்தாலே அதிகம். முன்னால ஒருத்தர் சரிஞ்சா பின்னால வர்றவர் பிரேக் பிடிக்கணும். ஐஸ்ல பிரேக் பிடிச்சா அவரும் சரிவார்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி ஞாயித்துக்கிழமை. கிங்ஸ்டன்ல பதினோரு பேர் கூடியிருந்தோம். எங்க குழுவுல எழுபது தாண்டின பெரியவர் ஒருத்தர் இருக்கார். இளவட்டமா இருந்த காலத்துலேர்ந்தே இந்தப் பக்கம் ஓட்டறவர். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, பூட்ஸ் நுனியால ரோட்டை ரெண்டு தடவை தேய்ச்சுப் பாத்தார். "இன்னிக்கு வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்"னார். யாரும் ஒண்ணும் பேசலை. நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "மெட்ராஸ்லேர்ந்து வந்தவன் நானே கிளம்பறேன், உங்களுக்கு என்ன சார்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டு, கையாட்டிட்டுப் போயிட்டார். மிச்சம் பத்து பேர் கிளம்பினோம்.

ஒன்றரை மணி நேரம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் ரான்மோர் தாண்டி ஒரு வளைவு. எனக்கு ரெண்டு சக்கரம் முன்னாடி புதுசா சேர்ந்த பெண் ஒருத்தங்க, அவங்களுக்கு அது மூணாவது ரைடு. வேகம்கூட இல்லை. சத்தமே இல்லாம சைக்கிள் பக்கவாட்டுல போச்சு. அடுத்த நொடியில ஆறு பேர் தரையில. நானும்தான். எனக்கு முழங்கை தோல் போனதோட சரி. அவங்க எந்திரிக்கலை. இடுப்பெலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உறைஞ்ச ரோட்டுல அவங்களைப் படுக்க வச்சு, எங்க ஜாக்கெட்டை எல்லாம் கழட்டிப் போத்திட்டு, நாங்க பனியன் கனத்துல வெடவெடன்னு நின்னோம். திருப்பத்துல ஒருத்தரை நிறுத்தி வர்ற காரை எல்லாம் மறிக்கச் சொன்னோம். அந்த ஐஸ்ல காரும் நிக்காதுன்னு அப்பதான் உறைச்சது.

ரெண்டு வாரம் கழிச்சு பாக்கப் போனேன். சாதாரணமாத்தான் சொன்னாங்க: "அவர் கிளம்பினப்பவே நானும் போயிடலாம்னு நினைச்சேன். நீங்க அப்படிச் சொன்னதும் வெக்கமாப் போச்சு."

அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? அப்புறம் அவங்க சைக்கிளையே தொடலை.

அன்னிக்கு நின்ன பதினோரு பேர்ல பாதிக்கு மேல உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கு, பின்னாடி பேசிப் பாத்தப்ப தெரிஞ்சது. எனக்கும் இருந்தது, அதை மறைக்கத்தான் அந்த ஜோக். ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க மூஞ்சியைப் பாத்து "இவங்க போறாங்கன்னா சரியாத்தான் இருக்கும்"னு போயிருக்கோம். ரைடுக்குத் தலைமை தாங்கறவருக்கு மேப் தெரியணும், பஞ்சர் ஒட்டத் தெரியணும்னு பாக்கறோம். "இன்னிக்கு இல்லை"ன்னு சொல்ற பொறுப்பை யாருக்கும் கொடுக்கறதில்லை. அதை ஒருத்தர் பேர்ல, முதல் நாளே, எல்லார் முன்னாடியும் எழுதி வைக்கணும்ங்கறேன். அவர் வேணாம்னா வேணாம், கேள்வி கிடையாது, கிண்டல் கண்டிப்பா கிடையாது.

கடிகாரத்தை மட்டும் மாத்தினாப் போதாதுன்னும் எனக்குத் தெரியும். 2006 ஜனவரி 8, வேல்ஸ்ல அபர்கெலே பக்கம் ரில் சைக்கிள் கிளப்காரங்க 12 பேர் ஞாயித்துக்கிழமை ரைடு போனாங்க. எதிர்ல வந்த கார் ஐஸ்ல வழுக்கி அவங்க மேல ஏறி நாலு பேர் செத்துப்போனாங்க. அதுல ஒரு பையனுக்கு 14 வயசு. சைக்கிள்காரங்க மேல ஒரு தப்பும் இல்லை. அது நடந்ததே காலை பத்து மணி வாக்குலதான். அதனாலதான் மணியும் மாறணும், வேணாம்னு சொல்ல ஒரு ஆளும் வேணும்ங்கறேன்.

"பத்து மணிக்குக் கிளம்பினா 100 கிலோமீட்டர் எப்படி முடியும்?" முடியாதுதான். 60 போங்களேன். டிசம்பர் 24லேர்ந்து 31க்குள்ள 500 கிலோமீட்டர் ஓட்டற சவால் ஒண்ணு 2010லேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு. மாசம் ஒரு 200 வீதம் பன்னெண்டு மாசமும் விடாம ஓட்டற ஆடாக்ஸ்காரங்களும் இருக்காங்க. அவங்க மன உறுதிக்கு ஒரு சலாம். ஆனா அவங்கள்லயே அனுபவசாலிங்க ஐஸ்னா தேதியைத் தள்ளிப்போடுவாங்க, மாசத்துல வேற நாளா இல்லை? ரொம்ப மோசமான நாள்ல வீட்டுக்குள்ள ஸ்விஃப்ட் போட்டு மிதிக்கலாம். சுவத்தைப் பாத்து வேர்த்து வழியறது எனக்கும் பிடிக்காதுதான், இடுப்பு முழுசா இருக்கே.

குரூப்ல போட்டுட்டேன். "10 மணின்னா வர்றேன், 60 கிலோமீட்டர். காலையில ரோட்டைப் பாத்துச் சொல்ற பொறுப்பு பெரியவருக்கு." இப்போதைக்கு மூணு கட்டைவிரல், ஒரு கொட்டாவி பொம்மை. பெரியவர் இன்னும் படிக்கலை, அவர் ஃபோனைத் தொடறதே சாயங்காலம்தான்.

பி.கு: கிளவுஸ் பத்திக் கேட்டிருந்த நண்பருக்கு: ரெண்டு ரெண்டு விரலாச் சேர்ந்து இருக்கற நண்டுக்கொடுக்கு மாடல்தான் எனக்கு ஒத்துவருது. எது வாங்கினாலும் இன்னொரு ஜோடியை பிளாஸ்டிக் பையில சுத்தி பின் பாக்கெட்டுல வச்சுக்கோங்க. டீக்கடையை விட்டு வெளிய வந்து ஈர கிளவுஸை மாட்டும்போது என்னை நினைச்சுப்பீங்க.