நீல ஜெர்சி யாருக்கு?

இந்திய ஆண்கள் கால்பந்து அணி 2027-இல் சவுதி அரேபியாவில் நடக்கும் ஆசியக் கோப்பையில் ஆடப்போவதில்லை. உலகக் கோப்பை எட்டாத உயரம் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இது அப்படிப்பட்டதல்ல. 24 அணிகள் ஆடும் போட்டி அது. தகுதிச் சுற்றில் நம்மோடு ஒரே பிரிவில் இருந்தவை ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் ஆகிய மூன்று அணிகள். முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது இரண்டே கோல். பெற்றது இரண்டே புள்ளி. ஒரு வெற்றிகூட இல்லை. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த அணி, 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றபின் 142-க்கு இறங்கியது. வங்கதேசத்திடம் நாம் தோற்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

இந்தத் தோல்விகளுக்குப் பிறகு ரசிகர்களிடையே இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. இருப்பவர்கள் எல்லோரையும் தூக்கி எறியுங்கள் என்கிறது ஒன்று. கட்டமைப்பே சரியில்லாதபோது வீரர்களைக் குறை சொல்லி என்ன பயன் என்கிறது இன்னொன்று. இரண்டுமே பாதிக் கிணறு தாண்டுபவை. ஒருவர் தன் கிளப்பில் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எப்படி ஆடுகிறார் என்பதுதான் தேசிய அணியில் அவருடைய இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் காரணத்தைப் பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சரியாக ஆடாதவர், அவர் யாராக இருந்தாலும், வெளியே உட்கார வேண்டும். இந்த மூன்றும் நம் கால்பந்தில் நடைமுறையாகவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கின் கை டாக் மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். முதல் பாதியில் லிஸ்டன் கொலாசோ இடப்பக்கமாக உள்ளே புகுந்து பந்தைப் பின்னுக்கு உருட்டிக் கொடுத்தார். ஆஷிக் குருணியனுக்கு முன்னால் கோல் திறந்து கிடந்தது. பந்து வெளியே போனது. ஆட்டம் சமனில் முடியப்போகிறது என்றிருந்த கடைசி நிமிடங்களில், உயரே வந்த பந்தைக் குத்தி விலக்கப் பாய்ந்த கோல்கீப்பர் விஷால் கைத் எதிரணி வீரர்மேல் மோதினார். பெனால்டி. அந்த ஒரு கோலில் தோற்றோம். மறுநாள் அந்த இருவர் தலையில் மொத்தப் பழியும் விழுந்தது.

ஆஷிக் அந்தப் பந்தைக் கோலுக்குள் தள்ளியிருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த மோகன் பகானில் கோல் முன்னால் நின்று பந்தை உள்ளே தள்ளும் வேலை யாருடையது? 2024-25 பருவத்தில் அந்த அணியின் முன்களத்தில் ஜேமி மெக்லாரன், டிமிட்ரி பெட்ராடோஸ், ஜேசன் கம்மிங்ஸ், கிரெக் ஸ்டூவர்ட் என்று நால்வர். நால்வருமே வெளிநாட்டினர். அந்த ஆண்டு லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் மோகன் பகான் வென்றது. கிளப்பின் கணக்கு சரி. ஆஷிக்கும் லிஸ்டனும் மன்வீர் சிங்கும் அங்கே ஓரங்களில் ஓடுபவர்கள். மன்வீரைத் தேசிய அணி பல ஆட்டங்களில் நடு முன்களத்தில் நிறுத்தியது. கிளப்பில் வாரந்தோறும் ஓரக்கோட்டை ஒட்டி ஓடிக் கிராஸ் கொடுப்பவர், நாட்டுக்காக ஆடும்போது மட்டும் பெனால்டி பெட்டிக்குள் கோல் மோப்பம் பிடிப்பவராக மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பத்து நாள் முகாமில் அந்தப் பழக்கம் வராது. அது ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்று, தவறவிட்டு, மீண்டும் நின்று வருவது.

இது ஒரு கிளப்பின் கதை மட்டுமில்லை. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் எலானோ அதிக கோல் அடித்தார். 2024-25-இல் மொராக்கோவின் அலாயெத்தின் அஜராய் 23 கோல் அடித்தார். இடையில் கோரோ, வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, டியமன்டகோஸ். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஒரு பருவத்தில்கூட இந்தியர் தனியாக வென்றதில்லை. 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டினர் ஆடலாம் என்பது விதி. கிளப்புகள் அந்த நான்கு இடத்தில் முதல் இடத்தைச் சென்டர் ஃபார்வர்டுக்கு ஒதுக்குகின்றன. காசு கொடுத்து வெற்றியை வாங்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

2024-25 பருவத்தில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் யார் தெரியுமா? 40 வயது சுனில் சேத்ரி, 14 கோல். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக ஆடி, 151 ஆட்டம் 94 கோல் என்ற கணக்கோடு கண்ணீருடன் விடைபெற்றவர் அவர். ஒன்பது மாதம் கழித்து 2025 மார்ச்சில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். அதற்குச் சில நாளில் அதே மைதானத்தில் வங்கதேசத்தோடு கோல் இல்லாமல் சமன். ஆட்டத்திறனை மட்டும் பார்த்தால் அந்தத் தேர்வைத் தவறு என்று சொல்ல முடியாது. லீக்கில் அவரைவிட அதிகம் கோல் அடித்த இந்தியர் இல்லையே. ஆனால் 20 ஆண்டு நாட்டுக்கு உழைத்த ஒருவரைத் திரும்ப இழுத்து வந்து, அவருடைய கால்களின் மேல் ஓர் அணியின் எதிர்காலத்தையே ஏற்றியது அவருக்கும் நியாயமில்லை, அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்களுக்கும் நியாயமில்லை.

கட்டமைப்பின் குறையை இவ்வளவு சொன்னபிறகு, அதை வீரர்களுக்குக் கேடயமாக்கிவிடக் கூடாது. 2024 காலண்டர் ஆண்டில் இந்தியா ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று, ஒரு கோலும் அடிக்காமல் திரும்பியது. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. சேத்ரியின் 150-வது ஆட்டம் அது. பெனால்டியில் அவரே கோல் அடித்தும் காப்பாற்ற முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் அணிப் பட்டியலில் பெரும்பாலும் பழகிய பெயர்களே தொடர்ந்தன. ஒரு மோசமான ஆட்டத்துக்கும் பத்து மோசமான ஆட்டத்துக்கும் விளைவு ஒன்றுதான் என்றால் ஜெர்சிக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

வெளியே உட்காரவைப்பது ஒருவரை முடித்துவிடுவது என்று இங்கே நினைக்கிறார்கள். குர்பிரீத் சிங் சந்துவைப் பாருங்கள். 2024 நவம்பர் 18, ஹைதராபாத் கச்சிபவுலியில் மலேசியாவுடன் ஆட்டம். பின்னாலிருந்து வந்த நீளப் பந்தைத் தடுக்கத் தேவையில்லாமல் வெளியே ஓடிவந்தார் அவர். காலியான கோலில் மலேசியா பந்தை உருட்டிவிட்டது. ஆட்டம் 1-1. அடுத்த மார்ச்சில் பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸ் அவரை அணியில் எடுக்கவில்லை. அணியின் மூத்த கோல்கீப்பர், பலமுறை கேப்டன் பட்டை அணிந்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. அது சரியான முடிவு. ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல் அவரைத் திரும்ப அழைத்தார். தஜிகிஸ்தானின் ஹிசோரில் நடந்த மத்திய ஆசிய நாடுகள் கோப்பையின் மூன்றாம் இட ஆட்டம். தரவரிசையில் நம்மைவிட 50 இடங்களுக்கு மேல் முன்னால் நின்ற ஓமனுக்கு எதிராக உதாந்தா சிங்கின் கோலால் சமன்செய்து, பெனால்டிக்குக் கொண்டுபோனோம். ஓமனின் கடைசி உதையைத் தடுத்து ஆட்டத்தை வென்று தந்தவர் அதே குர்பிரீத். வெளியே இருந்த மாதங்கள் அவரைக் கெடுத்துவிடவில்லை.

அந்தப் போட்டிக்கு மோகன் பகான் தன் வீரர்களை விடவில்லை. சேத்ரியும் எடுக்கப்படவில்லை. அதனால் கிடைத்த இடத்தில் புதியவர்கள் ஆடினார்கள், மூன்றாம் இடம் வந்தார்கள். அந்த அணியையே நம்பித் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு மாதத்துக்குள் சிங்கப்பூர் ஆட்டங்களுக்குச் சேத்ரி மீண்டும் வந்தார். முதல் ஆட்டத்தில் ரஹீம் அலி 90-வது நிமிடத்தில் அடித்த கோலால் தப்பினோம். அக்டோபர் 14 அன்று மட்காவ் ஃபடோர்டாவில் லல்லியன்சுவாலா சாங்தே தொலைவிலிருந்து அருமையான கோல் அடித்து முன்னிலை தந்தும், சொந்த மண்ணில் 1-2 என்று தோற்று வெளியேறினோம். அதன்பிறகு சேத்ரி இரண்டாம் முறையாக விடைபெற்றார்.

அணித்தேர்வில் ஏன் ஒருவர் உள்ளே, ஏன் ஒருவர் வெளியே என்பதை இந்த நாட்டின் ரசிகருக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. உத்தேசப் பட்டியல் என்று ஒன்று வரும், அதிலிருந்து சில பெயர்கள் மறையும், அவ்வளவுதான். இருட்டில் நடக்கும் தேர்வில் எதுவும் நுழையலாம். 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு முன், அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் வீரர்களின் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார் என்று 2023 செப்டம்பரில் ஒரு தேசிய ஆங்கில நாளிதழ் செய்தி வெளியிட்டது. ஆட்டத்தில் நாம் 2-1 என்று வென்றோம் என்பது ஆறுதலாகாது. காலையும் மாலையும் பயிற்சி செய்து, காயத்தோடு ஓடி, அழைப்புக்குக் காத்திருந்த இளைஞனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

தேர்வு என்பது துணிவும் பார்வையும் சேர்ந்த வேலை என்று நமக்குக் கற்பித்தவர்கள் நம்மிடமே இருந்தார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் அவரை முன்களத்துக்குக் கொண்டுபோனார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். ஆபத்தான முடிவுதான். ஆனால் அது ரஹீமின் சொந்த முடிவு, களத்தில் வீரர்களைக் கண்ணால் பார்த்து எடுத்த முடிவு. ஜர்னைல் இளமையில் முன்களத்திலும் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பயிற்சியாளர் காலித் ஜமீலும் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவரே. 2016-17-இல் பெரிய பெயர் எதுவும் இல்லாத ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அவர். அந்த ஐஸால் காலித்தைத்தான் தேசிய அணியில் பார்க்க விரும்புகிறோம்.

வெளிநாட்டு முன்கள வீரர்கள் வந்ததால்தான் லீக்கின் தரம் உயர்ந்தது, அவர்களைக் குறைத்தால் கூட்டம் குறையும், தரம் சரியும் என்று கிளப்புகள் வாதாடும். இதில் உண்மை உண்டு. கோரோவையும் ஒக்பெச்சேவையும் தடுத்து ஆடித்தான் நம் தற்காப்பு வீரர்கள் தேறினார்கள். அதே தர்க்கத்தில், கோல் அடிக்கவும் நம் பையன்கள் ஆடித்தானே தேற வேண்டும்? வெளிநாட்டினரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வோர் அணியின் பதினொருவரிலும் நடு முன்களத்தில் ஆடும் இந்தியர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு விதி வகுக்கட்டும். லீக்கில் உடனே முடியாது என்றால் டூரண்ட் கோப்பையிலும் சூப்பர் கோப்பையிலுமாவது தொடங்கட்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அந்தக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற ரையன் வில்லியம்ஸை மனமார வரவேற்கிறோம். ஆனால் 32 வயதில் வந்த ஒருவரால் இந்தப் பள்ளத்தை மூட முடியாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் நேரடியான ஓர் உதாரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துப் பையன் சிவசக்தி நாராயணன் 2022-23 பருவத்தில் பெங்களூரு அணியின் முன்களத்தில் தொடர்ந்து ஆட வாய்ப்புப் பெற்றார். ஃபிஜியின் ராய் கிருஷ்ணாவோடு சேர்ந்து ஆடி, லீக்கின் வளரும் வீரர் விருதை வென்றார். இடம் கொடுத்தால் நம் பையன்கள் கோல் அடிப்பார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 23 வயதுக்குட்பட்டோர் அணி 2025 செப்டம்பரில் பஹ்ரைனை 2-0 என்று வென்றது. நவம்பரில் 17 வயதுக்குட்பட்டோர் அணி அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வீழ்த்தி அந்த வயதினருக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. திறமை வறண்டுவிடவில்லை. இவர்கள் 20 வயதில் கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்து 25 வயதில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது யார் என்பதே கேள்வி. 2025-இல் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் லீக்கே குறித்த காலத்தில் தொடங்காமல் போனது. ஆட்டமே இல்லாத வீரரிடம் ஆட்டத்திறனை எங்கே தேடுவது? அந்த அவலத்துக்குக் கூட்டமைப்பின் நிர்வாகிகள்தான் பதில் சொல்ல வேண்டும். மைதானத்தில் தோற்ற வீரர்கள் திட்டு வாங்கினார்கள், அலுவலகத்தில் தோற்றவர்கள் வாங்கவில்லை.

ரசிகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோல் தவறவிட்டவரை அவருடைய ஊர், சாதி, மதம், குடும்பம் வரை இழுத்துத் திட்டுவது ஆதரவாளரின் வேலை ஆகாது. அந்த வசை அணியை மேம்படுத்தியதே இல்லை. பயந்த வீரர் கோல் முன்னால் பந்து வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிடுவார். ஆனால் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. இவர் ஏன் அணியில் இருக்கிறார், கிளப்பில் கடைசியாக எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இடத்தில் ஆடினார், இவரை விடவும் நன்றாக ஆடியவர் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு பட்டியல் வெளியாகும்போதும் கேளுங்கள்.

கூட்டமைப்பு அடுத்த அணியை அறிவிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அந்தப் பருவத்தில் கிளப்பில் ஆடிய நிமிடங்களையும் ஆடிய இடத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். விடுபட்ட முக்கிய வீரர்கள் குறித்துப் பயிற்சியாளர் செய்தியாளர் முன் காரணம் சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். அடுத்த பட்டியலிலேயே தொடங்குங்கள்.