வைக்கோல் யாருக்குச் சொந்தம்?

வெட்டு மெசின் போன பின் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கழிவு என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். மாட்டுக்குக் கொஞ்சம் எடுத்து, மிச்சத்துக்கு நெருப்பு வைக்கிறோம். அந்த மிச்சத்தைத் தேடி இன்று ஒரு புதிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவர்தான் நிலக்கரி மின் நிலையம்.

இந்தியாவின் பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று கிழமைகளே உண்டு. அதற்குள் நிலத்தைத் துப்புரவாக்க விவசாயிகள் வைக்கோலைக் கொளுத்துகின்றனர். புகை டெல்லி வரை போகிறது. 2017 இல் டெல்லிக்கு அருகே தாத்ரி மின் நிலையத்தில், பயிர் மிச்சங்களை அரைத்து, குளிசை போல் அழுத்தி, நிலக்கரியுடன் கலந்து எரித்துப் பார்த்தனர். 2021 இல் இந்திய அரசு இதை மின் நிலையங்களுக்கு விதியாக்கியது. 2023 இல் திருத்திய விதி 2024-25 இல் 5 வீதமும், 2025-26 முதல் 7 வீதமும் கலக்கச் சொன்னது.

இதில் நன்மை உண்டு. வயலில் புகையாகிப் போவது காசாகிறது; அந்த அளவுக்கு நிலக்கரியும் குறைகிறது. ஆயினும் வைக்கோலை அதிகம் கலக்க முடிவதில்லை. அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலை இளகச் செய்து கொதிகலன் குழாய்களில் ஒட்டவைக்கிறது.

கொதிகலனுக்குப் பகையான அதே பொட்டாசியம் எமது மண்ணுக்கு உணவு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் அல்ல, வைக்கோலில்தான் தங்குகிறது. வைக்கோல் முழுவதையும் விற்பவர் அச்சத்தை எம்.ஓ.பி. பசளையாகக் கடையில் திரும்ப வாங்க வேண்டிவரும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல.

எமது நாட்டில் இன்று இயங்கும் ஒரே நிலக்கரி மின் நிலையம் 900 மெகாவோட் கொண்ட நுரைச்சோலை. நாளை எமது வைக்கோலுக்கும் விலை பேசப்படலாம். மின்சாரத்தின் பேரால் ஏழையின் உரிமை பின்தள்ளப்படுவது எமக்குப் புதிதல்ல. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபின், அவர்களது மண்ணே நிலக்கரி மின் நிலையத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டது. 2016 இல்தான் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எனவே இப்போதே மூன்று விடயங்களில் நாம் தெளிவாயிருப்போம். முதலாவது, மண்ணுக்குரிய பங்கை வயலில் விட்ட பின்பே விற்பனை. இரண்டாவது, விலையைத் தரகர் அல்ல, கமக்காரர் அமைப்பு ஒன்றாக நின்று பேச வேண்டும். மூன்றாவது, வைக்கோற் காசில் உழுதவருக்குப் பங்கு வேண்டும். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்யும் எமது குடும்பங்கள் இதைக் குத்தகை பேசும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சுவதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடும்படி பழைய ஏற்பாட்டுச் சட்டம் பணித்தது. ஊரை விட்டு வந்த ரூத்து அந்த மிச்சத்தைப் பொறுக்கித்தான் தன் மாமியாரையும் காப்பாற்றினாள். யாரும் அதை அவளுக்குப் பிச்சையாகக் கொடுக்கவில்லை. அது அவளது உரிமை. வைக்கோலுக்கு விலை வரும் நாளில் அந்த உரிமையை நாம் நினைவில் வைத்திருப்போம்.