வெட்டியதும் ஒட்டியதும்

"படம் நன்றாயிருக்கிறது, ஆனால் நீளம் அதிகம்" என்பதைப் போல ஸினிமா உலகத்தில் செலவில்லாத அபிப்பிராயம் வேறொன்றில்லை. எந்தக் காட்சி வேண்டாதது, ஏன் வேண்டாதது என்று சொல்லுகிறவர் விளக்க வேண்டிய அவசியமில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் போதும். படமுதலாளிகளும் அதே கடிகாரத்தை நம்பித்தான் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் உண்மை தெரியும். மனோதர்மம் நிறைந்த ராக ஆலாபனை முக்கால் மணி நேரம் நடந்தாலும், "ஐயோ, முடிந்துவிட்டதே!" என்றிருக்கும். சுருதி சேராத வித்வான் பாடும் வர்ணமோ ஐந்து நிமிஷத்தில் ஒரு யுகமாகிவிடும்.

வேண்டிய காட்சி எது, வேண்டாத காட்சி எது என்று சோதித்துப் பார்க்க ரஸிகர்களுக்கு ஸாதாரணமாக வழியில்லை. ஏனென்றால், வெட்டி எறிந்ததை நாம் பார்ப்பதேயில்லை. ஹாலிவுட் முதலாளிகள், தாங்கள் உத்தேசிக்காமலே, அந்தச் சோதனையை உலகத்தின் முன்னால் ஒரு தடவை நடத்திக் காட்டினார்கள். ஒரே கதை, ஒரே நடிகர்கள், ஆனால் இரண்டு படங்கள். ஒன்று 2017-ல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்'. அது 120 நிமிஷம் ஓடுவது. மற்றொன்று 2021-ல் வெளிவந்த 'ஜாக் ஸ்னைடர்ஸ் ஜஸ்டிஸ் லீக்'. அது 242 நிமிஷம்.

இரட்டையர் பிறந்த வரலாறு

ஜாக் ஸ்னைடர் என்னும் டைரக்டர் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரத்தினால் 2017-ல் இடையிலேயே விலகிக்கொண்டார். வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார், 2012-ல் 'அவெஞ்சர்ஸ்' படத்தை எடுத்துப் பெயர் வாங்கிய ஜாஸ் வீடனிடம் வேலையை ஒப்புவித்தார்கள். படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று நிர்வாகம் நிபந்தனை விதித்ததாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. வீடன் பல காட்சிகளை வெட்டினார். பல காட்சிகளைப் புதிதாக எடுத்து ஒட்டினார். படம் சரியாக 120 நிமிஷத்தில் முடிந்தது. டைரக்டர் என்று ஸ்னைடருடைய பெயரே திரையில் வந்தது.

ரஸிகர்கள் திருப்தியடையவில்லை. ஸ்னைடரின் படத்தை வெளியிட வேண்டுமென்று வருஷக் கணக்கில் கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில் கம்பெனியார் இணங்கி, மேலும் பெரும்பொருள் செலவிட்டு, 2021 மார்ச்சு மாதத்தில் முழுப் படத்தையும் வெளியிட்டார்கள்.

கதை சிக்கலானதல்ல. சூப்பர்மேன் இறந்துபோய்விட்டான். அந்தச் சமயம் பார்த்து ஸ்டெப்பென்வுல்ஃப் என்னும் அந்நிய கிரகத்து அஸுரன், மகா சக்தி வாய்ந்த மூன்று பெட்டிகளைத் தேடிக்கொண்டு பூமிக்கு வருகிறான். அவனை எதிர்க்க பேட்மேனும் வொண்டர் உமனும் ஆள் சேர்க்கிறார்கள். கடலை ஆளும் அக்வாமேன், மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ், பாதி உடல் இயந்திரமாகிப்போன சைபார்க் ஆகியோர் சேர்கிறார்கள். இறந்த சூப்பர்மேனையும் எழுப்பிக்கொள்கிறார்கள். ஆக, ஆறு கதாநாயகர்கள்; ஒரு கதை.

வெட்டியது என்ன?

கத்தரிக்கோலுக்கு முதல் பலியானவன் சைபார்க். அவனுடைய பெயர் விக்டர் ஸ்டோன். ரே ஃபிஷர் என்னும் கறுப்பின நடிகர் அந்த வேஷத்தில் நடித்தார். விக்டர் காலேஜில் புகழ் பெற்ற கால்பந்தாட்ட வீரன். தாயுடன் காரில் வரும்போது விபத்து நேர்கிறது. தாய் இறந்துபோகிறாள். ஸயன்ஸ் ஆராய்ச்சியாளரான தந்தை, அந்த மூன்று பெட்டிகளில் ஒன்றின் சக்தியைக் கொண்டு மகனைப் பிழைக்க வைக்கிறார். ஆனால் பிழைத்தது முழு மனிதன் அல்ல. உலோகத்தில் சிறைப்பட்ட ஓர் உயிர். "என்னை ஏன் சாகவிடவில்லை?" என்னும் கேள்வி மகன் முகத்தில் எப்போதும் நிற்கிறது. தந்தைக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை. ஒலிநாடாவில் பேசி வைத்துவிட்டுப் போகிறார்.

2021 படத்தில் இவை யாவும் உண்டு. 2017 படத்தில் ஆட்டமும் இல்லை, விபத்தும் இல்லை, தாயும் இல்லை. தந்தையும் மகனும் அங்குமிங்கும் சில வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி. நிர்வாகத்தின் கணக்குப்படி இது ஒரு கிளைக்கதை. பேட்மேனும் சூப்பர்மேனும் இருக்கும்போது, ஜனங்களுக்கு அதிகம் தெரியாத ஒரு வாலிபனின் வீட்டுத் துயரம் எதற்கு?

எதற்கு என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. நீண்ட படத்தில் மூன்றாவது பெட்டி எதிரியிடம் அகப்படும் இடத்தைப் பாருங்கள். அஸுரன் வரப்போகிறான் என்று அறிந்த தந்தை, கண்ணாடி அறைக்குள் பெட்டியுடன் தம்மைப் பூட்டிக்கொண்டு, அதன் மேல் லேஸர் கதிரைப் பாய்ச்சுகிறார். பெட்டி தகதகவென்று கொதிக்கிறது. அவரோ மகன் கண்ணெதிரே சாம்பலாகிறார். அந்த வெப்பத்தின் தடத்தைப் பின்பற்றித்தான் வீரர்கள் எதிரியின் கோட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். கிளைக்கதை என்று நினைத்தது கதையின் முதுகெலும்பாய் இருக்கிறது!

குறுகிய படத்தில் தந்தை சாகவில்லை, சாக நேரமில்லை. ஆகையால் பெட்டியை எதிரியிடம் சேர்ப்பதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. உலகத்தையே அழிக்கக்கூடிய அந்தப் பெட்டியைக் கேட்பாரற்றுக் கிடக்க விட்டுவிட்டு, வீரர்கள் எல்லோரும் சூப்பர்மேனுடன் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். ரயிலில் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் போல! எதிரி வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு தகப்பனின் தியாகத்தை வெட்டிய இடத்தில் ஒரு மறதியை வைத்துத் தைத்தார்கள்.

முடிவிலும் இப்படியே. நீண்ட படத்தில், பெட்டிகளின் மாயை விக்டருக்குப் பழைய உடலையும் இறந்த பெற்றோரையும் காட்டி ஆசை மூட்டுகிறது. அவன் அதை மறுத்து, தன்னுடைய உடைந்த உருவத்தையே தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறான். உலகம் பிழைப்பது அந்த மறுப்பினால். அவனுடைய இழப்பை நாம் முன்பே கண்டிராவிட்டால் அந்த மறுப்புக்கு மதிப்பு ஏது?

ஒட்டியது என்ன?

இவ்வளவையும் வெட்டி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள், அந்த மிச்சத்தை எப்படிச் செலவழித்தார்கள்? ருஷ்ய கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு பயந்து கிடக்கிறது. அரைமணிக்கொரு தரம் அவர்களைக் காட்டுகிறார்கள். சிறு பெண் ஒருத்தி பூச்சி மருந்து டப்பாவை ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் ஃப்ளாஷ் வந்து அவர்களுடைய வண்டியைத் தள்ளிக் காப்பாற்றுகிறான். அதே சமயம் சூப்பர்மேன் ஒரு கட்டிடத்தையே ஜனங்களோடு தூக்கிக்கொண்டு போகிறான் என்பது பரிகாசம்.

நோக்கம் நல்லதுதான். வீரர்கள் காப்பாற்றும் மனிதர்களையும் காட்ட வேண்டாமா? ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர் என்ன, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாது. எந்த வீரனோடும் அவர்கள் பேசி உறவாடுவதில்லை. அந்தக் காட்சிகள் அனைத்தையும் எடுத்துவிட்டால் கதையில் ஒரு நூலும் அறுந்துபோகாது. 2021 படத்தில் அவர்கள் இல்லவே இல்லை, தேடியவர்களும் இல்லை. இவற்றுடன் ஹாஸ்யம் என்ற பெயரில் சேர்த்தவையும் உண்டு. அக்வாமேன் உண்மை பேச வைக்கும் கயிற்றின் மேல் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு உளறுகிறான். ஃப்ளாஷ் வொண்டர் உமனின் மேல் விழுகிறான். முதலாவதற்குச் சிரிக்கலாம். இரண்டாவதற்கு முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது.

நீண்ட படம் நிரபராதியா?

இல்லை. நான்கு மணி நேரமும் தங்கம் என்று வாதிப்பது பக்தியே தவிர ரஸனை அல்ல. அக்வாமேன் கடலுக்குள் போன பிறகு கரையில் நிற்கும் பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள். ஒருத்தி அவன் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்க்கிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது. கடைசிப் பகுதியில் பாழாய்ப்போன எதிர்கால உலகத்தைப் பற்றிய ஒரு கனவு வருகிறது. ஜோக்கர் என்னும் வில்லன் நீளமாகப் பேசுகிறான். இதை 2020-ல் புதிதாகவே எடுத்துச் சேர்த்தார்கள். அது வரப்போகும் படத்துக்கு முன்னுரை. அந்தப் படமோ எடுக்கப்படவில்லை.

இவற்றைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. சூப்பர்மேனின் தாய், அவன் காதலியான லோயிஸைத் தேடி வந்து, துக்கத்திலிருந்து மீண்டு வரும்படி ஆறுதல் சொல்லுகிறாள். இரண்டு பெண்கள் ஒரே மனிதனுக்காக வருந்தும் அருமையான காட்சி. ஆனால் வாசலைத் தாண்டியதும் அந்தத் தாய் உருமாறுகிறாள். வந்தவள் தாயல்ல, வேற்றுக் கிரகவாசி ஒருவன்! ஒரு க்ஷணத்தில் முந்திய காட்சி முழுவதும் பொய்யாகிவிடுகிறது. வெறும் வேண்டாத காட்சி நேரத்தைத்தான் திருடும். இதுவோ நாம் விட்ட கண்ணீரையும் திருடுகிறது.

பேரம் பேசி வந்த காட்சிகள்

இத்தகைய காட்சிகள் எங்கிருந்து வருகின்றன? அநேகமாகக் கதையிலிருந்து அல்ல, பேரத்திலிருந்து. இதே வீடன் 2015-ல் எடுத்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆப் அல்ட்ரான்' படத்தில், தோர் என்னும் வீரன் திடீரென்று ஒரு குகைக்குப் போய், நீரில் இறங்கி, எதிர்காலத் தரிசனம் காண்கிறான். பார்த்தவர்களில் பலருக்கு அது விளங்கவில்லை. அதே படத்தில் வில்வீரன் ஹாக்ஐயின் பண்ணை வீட்டில், மனைவி மக்களுக்கு நடுவே, அமைதியான காட்சிகளும் உண்டு. பண்ணை வீடு இருக்க வேண்டுமானால் குகையும் இருந்தாக வேண்டுமென்று நிர்வாகத்தார் தம்மை நெருக்கியதாக வீடன் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். குகை, அடுத்த படங்களுக்கு விளம்பரம். பண்ணை வீடு, இந்தப் படத்துக்கு உயிர். உயிருக்கு ஈடாக விளம்பரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பல வீரர்களைக் கொண்ட கதையில் கிளைக்கதை இல்லாமல் முடியாது. நம்முடைய மகாபாரதத்தைவிடக் கிளைக்கதை நிறைந்த நூல் ஏது? ஆனால் நளன் கதை அங்கே வனவாஸத்தில், சூதாட்டத்தில் நாடிழந்த தருமபுத்திரருக்கு, சூதாட்டத்தில் நாடிழந்த வேறொரு மன்னனின் கதையாகச் சொல்லப்படுகிறது. கேட்கிறவருக்கு அது மருந்து.

ஸினிமாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1954-ல் ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோஸாவா எடுத்த 'ஏழு ஸாமுராய்' 207 நிமிஷம் ஓடுவது. அதிலும் ஆள் சேர்க்கும் கதைதான். இளம் வீரன் ஒருவனுக்கும் குடியானவப் பெண்ணுக்கும் காதல் என்ற கிளைக்கதையும் உண்டு. அதை வெட்டினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் மகளின் காதலை அறிந்து தகப்பன் அவளை அடிக்கும்போது, தங்களைக் காக்க வந்த வீரர்களிடமே குடியானவர்களுக்குள்ள அச்சம் வெளிப்படுகிறது. யுத்தம் முடிந்தபின் அவள் நாற்று நடப் போகிறாள். அவன் பாதையில் நிற்கிறான். வெற்றி யாருடையது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

ஆகவே, படம் பார்க்கும் அன்பர்கள் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?" கதைக்கு நஷ்டமென்றால் ஒரு மணி நேரமானாலும் இருக்கட்டும். முதலாளிக்கு மட்டும் நஷ்டமென்றால் ஒரு நிமிஷமும் அதிகம். விக்டர் ஸ்டோனின் துயரத்தை எடுத்துவிட்டு பூச்சி மருந்து டப்பாவை வைத்தவர்கள், இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் தங்கள் படத்தை இரண்டு தடவை எடுத்திருக்க வேண்டியதில்லை.