ஒரு நாள் கூலி எங்கே போயிற்று?

"ஆண்டிலே ஒரு நாள் தனிக் கூலி இல்லாமல் வேலை செய்! அந்தப் பணம் வயோதிகர்களுக்கு!"

பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளியைப் பார்த்து அந்த நாட்டு அரசாங்கம் 2004-ம் ஆண்டில் இப்படி ஒரு சட்டம் போட்டது. காரணம் என்ன? 2003 ஆகஸ்டு மாதம் அங்கே கொடும் வெயில் அடித்தது. சுமார் 15,000 பேர் மாண்டார்கள். மிகப் பெரும்பாலோர் வயதானவர்கள். நாடே தலைகுனிந்து நின்றது. அரசாங்கம் என்ன செய்தது? தொழிலாளியின் மடியிலே கை வைத்தது! அவன் ஒரு நாள் கூடுதலாக உழைக்க வேண்டும். அதற்கு ஈடாக முதலாளி சம்பளத் தொகையில் நூற்றுக்கு 0.3 வீதம் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். இதற்கு 'ஒற்றுமை நாள்' என்று பெயர். 2005-ல் பல இடங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆனாலும் சட்டம் நிலைத்துவிட்டது. தொழிலாளிகள் உழைத்தார்கள்.

அந்தப் பணம் முதியோர் இல்லங்களுக்கும் போகிறது. அங்கே போய் என்ன ஆயிற்று? அதுதான் கேள்வி.

கிழவியின் தட்டிலே கை வைத்தவர்கள்

பிரான்சிலே முதியோர் இல்லத்துக்கு மூன்று வழியில் பணம் வருகிறது. வைத்தியப் பராமரிப்புக்கு அரசாங்கப் பணம். குளிப்பாட்ட, உடுத்த, ஊட்ட மாவட்ட நிர்வாகத்தின் உதவிப் பணம். அறைக்கும் சாப்பாட்டுக்கும் குடும்பத்தார் கட்டும் பணம்.

அங்கே 'ஓர்பெயா' என்று ஒரு கம்பெனி. பல நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை நடத்தியது. அதன் பங்குகள் பங்குச் சந்தையில் விலை போயின. 2022 ஜனவரியில் விக்தோர் காஸ்தானே என்ற பத்திரிகையாளர் அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாரிசை ஒட்டி மாதம் 6,500 யூரோவும் அதற்கு மேலும் வாங்கும் இல்லத்திலேயே டயப்பரும் உணவும் எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்டன என்று எழுதினார். எழுதாமலிருக்க ஒன்றரைக் கோடி யூரோ தருவதாகத் தம்மிடம் பேரம் பேசப்பட்டது என்றும் சொன்னார்.

கம்பெனி மறுத்தது. அரசாங்கம் தணிக்கை அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் கண்டது என்ன? தட்டில் விழுந்த உணவின் அளவு போதவில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் பார்க்க வேண்டிய வேலைக்குப் பயிற்சியில்லாத ஆளைப் போட்டு, அந்தச் சம்பளத்தையும் வைத்தியப் பணத்தின் கணக்கில் எழுதினார்கள். பொதுப் பணத்தில் சாமான் வாங்கிவிட்டு, விற்றவனிடமிருந்து கழிவு பெற்றுக் கம்பெனி வைத்துக் கொண்டது. 5 கோடியே 58 லட்சம் யூரோவைத் திருப்பிக் கட்டு என்று அரசாங்கம் கேட்டது.

வயல் தோழர்களே! கூலி அளக்கச் சின்ன மரக்கால், குத்தகை வாங்கப் பெரிய மரக்கால் வைத்திருந்த மிராசுதாரை உங்களுக்குத் தெரியும். இங்கே கோட்டும் சூட்டும் போட்டிருக்கிறான். மரக்கால் அதேதான்!

ஊழியர்கள் முன்பே சொன்னார்கள்

புத்தகம் வந்த பிறகுதான் உலகம் விழித்தது என்கிறார்கள். பொய்! நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜனவரி 30-ல், பிரான்சின் முதியோர் இல்ல ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை என்ன? ஒரு முதியவருக்கு ஓர் ஊழியர். அவ்வளவுதான்!

இதன் பொருள் மில் தொழிலாளிக்குப் புரியும். ஒரு ஆளிடம் கூடுதலாக நாலு தறியைக் கொடுத்தால் இழை அறும், முடிந்து கொள்ளலாம். ஒரு ஊழியரிடம் கூடுதலாக நாலு முதியவர்களைக் கொடுத்தால்? படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகும். விழுங்க முடியாதவருக்கு ஒவ்வொரு கவளமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். இந்த வேலைக்கு யந்திரம் கிடையாது. மனிதக் கை மட்டுமே உண்டு. ஆகவே லாபத்தைக் கூட்ட வேண்டுமானால் கையைக் குறைக்க வேண்டும். அல்லது தட்டைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வழி எங்கே இருக்கிறது?

"ஒரு சில நிர்வாகிகள் கெட்டவர்கள், மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். கம்பெனித் தலைவரை 2022 ஜனவரியிலேயே நீக்கினார்கள். கணக்கு மாறியதா? "பிள்ளைகள் கைவிட்டார்கள், அதுதான் காரணம்" என்று இன்னொரு கூட்டம் பேசுகிறது. மாதா மாதம் ஆயிரக்கணக்கில் கட்டிய பிள்ளைகளா கைவிட்டார்கள்?

இங்கிலாந்திலும் இதே கதை

சதர்ன் கிராஸ் என்பது அந்த நாட்டின் மிகப் பெரிய முதியோர் இல்லக் கம்பெனியாக இருந்தது. 2004-ல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி அதை வாங்கியது. இல்லம் நடத்துவது ஒருவர், கட்டிடம் இன்னொருவருக்குச் சொந்தம் என்று ஆக்கினார்கள். 2006-ல் பங்குச் சந்தையில் பங்குகளை விற்கத் தொடங்கி, 2007-ல் லாபத்தோடு பிளாக்ஸ்டோன் வெளியேறியது. வாடகையோ ஆண்டுதோறும் ஏறியது. 2011-ல் கம்பெனி படுத்தது. சுமார் 750 இல்லங்கள், 31,000 முதியவர்கள்! நாளை எங்கே படுப்போம் என்று தெரியாமல் அவர்கள் தவித்தார்கள்.

ஓர்பெயாவும் கடனில் மூழ்கியது. காப்பாற்றியது யார்? பிரெஞ்சு அரசின் பொது நிதி நிறுவனம் தலைமையில் ஒரு குழு சுமார் 135 கோடி யூரோ போட்டு 2023 டிசம்பரில் அதை எடுத்துக் கொண்டது. 2024-ல் 'எமெய்ஸ்' என்று பெயரையும் மாற்றினார்கள். லாபம் வந்தபோது தனியார் சொத்து. நஷ்டம் வந்ததும் பொதுச் சுமை! முன்பு பங்குக்காரர் வாங்கிய டிவிடெண்டு திரும்பி வந்ததா? அரசாங்கம் நடத்தினால் உருப்படாது என்று உபதேசம் செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தோழர்களே! ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த உடம்பு கடைசியில் கேட்பது ஒரு பிடி சோறு, ஒரு சுத்தமான படுக்கை, ஒரு மனிதக் கை. இதில் டிவிடெண்டுக்கு இடமில்லை. எத்தனை முதியவருக்கு எத்தனை ஊழியர் என்று சட்டம் வேண்டும். பொதுப் பணம் வாங்கும் இல்லத்தில் லாபம் கூடாது. ஊழியரும் குடும்பத்தாரும் சமையலறையிலும் கணக்குப் புத்தகத்திலும் நுழைந்து பார்க்க உரிமை வேண்டும்.

ஒரு நாள் கூலியைக் கொடுத்தவன் தொழிலாளி. கணக்குக் கேட்க வேண்டியவனும் அவனே!