உரத்த ஒலியா, உரிய இடமா?

நம் பங்குகளில் திருவிழாத் திருப்பலி முடிந்து வெளியே வரும் மக்கள் கூறும் குறைகளுள் ஒன்று ஆண்டுகள் பலவாகியும் மாறவில்லை. "பாட்டு நன்றாகத்தான் இருந்தது, என்ன பாடினார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்பதே அது. இதற்குப் பாடகர் குழுவினர் தரும் மறுமொழியும் மாறவில்லை. ஒலிபெருக்கி போதவில்லையாம், அடுத்த ஆண்டு பெரிதாக வைத்தால் சரியாகிவிடுமாம். அவ்வாறே பெரிய பெட்டிகள் வருகின்றன. குறையும் அவற்றோடு சேர்ந்து பெரிதாகிறது. எரிச்சலுற்ற மூத்தோர் சிலர், "அந்தப் பேஸ் கிட்டாரைத் தூக்கி எறியுங்கள்" என்கின்றனர். இளைஞர்களோ, "பேஸ் பத்தவில்லை, இன்னும் ஏற்று" என்கின்றனர். இவ்விரு தரப்பாரும் நோயை அறியாது மருந்து கூறுகிறார்கள் என்பதே என் வாதம்.

முதலில் இக்கருவியின் இயல்பை அறிவோம். லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிட்டாரே இன்றைய பேஸ் கிட்டார்களுக்கெல்லாம் முன்மாதிரி. அதன் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மேல்தந்தி 98 முறை. இதே எல்லைக்குள்தான் பெரிய டிரம்மின் அடியும், கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை ஒலிகளும் குடியிருக்கின்றன. ஆண்குரலின் அடித்தளமும் இதன் விளிம்பில்தான் தொடங்குகிறது. ஒரு குறுகிய தெருவில் நான்கு சப்பரங்களை ஒரே வேளையில் இழுத்தால் என்ன நேரும்? எந்தச் சப்பரமும் நகராது. அப்போது, "என் சப்பரத்தை இன்னும் பெரிதாக்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை அறிவுடையவர் என்போமா? பேஸை ஏற்று என்பவர் சொல்வது அதனையே.

ஏற்றுவதால் விளையும் தீங்கு இத்துடன் நில்லாது. தாழ்ந்த ஒலி உரத்து எழும்போது தனக்கு மேலுள்ள ஒலிகளை மூடிவிடும் இயல்புடையது. உயர்ந்த ஒலியோ தாழ்ந்ததை அவ்வளவாக மூடுவதில்லை. சொற்களைத் தெளிவாக்குபவை மெய்யெழுத்துகள். அவற்றின் ஒலி பெரும்பாலும் மேல் எல்லையில் வாழ்கிறது. எனவே பேஸ் பொங்கும்போது முதலில் பலியாவது சொல்லே. மேலும், மெல்லிய ஒலியில் நம் செவி தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணரும். ஒலி உரக்க உரக்க அவற்றை மேன்மேலும் மிகுதியாக உணரும். இதனை ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினர். சனிக்கிழமை மாலை சிறு அறையில் மெல்லிய ஒலியில் அளவாகத் தோன்றிய பேஸ், ஞாயிறன்று முழு ஒலியில் முழங்குவதன் மருமம் இதுவே. நம் ஆலயங்களின் உயர்ந்த கூரையும் பூசிய சுவர்களும் அந்த முழக்கத்தை எளிதில் அடங்க விடுவதில்லை. முந்திய சுரம் அடங்குமுன் அடுத்த சுரம் அதன்மேல் ஏறுகிறது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? கூட்டுவதன்று, கழிப்பதே. பாடகர்களின் மைக்குகள் பேஸ் ஒலியையும் டிரம் ஒலியையும் உள்வாங்கித் திரும்பவும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் பொத்தான் பல மிக்சர்களில் உண்டு. அதனை ஒவ்வொரு குரல் மைக்குக்கும் அழுத்துங்கள். சொல்லின் தெளிவுக்கு இழப்பேதும் இல்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் இடத்தில் கீபோர்டுக்காரர் இடக்கையைச் சற்று ஓயவிடட்டும். பெரிய டிரம்முக்கு 60 ஹெர்ட்ஸ் அளவில் வலுக் கொடுத்தால், பேஸுக்கு அவ்விடத்தைக் குறைத்து 100 அளவில் வலுக் கொடுங்கள். 200 முதல் 400 வரையுள்ள எல்லையில் எல்லாக் கருவிகளும் நெரிவதால்தான் ஒலி சேறாகிறது; அங்கும் சிறிது குறையுங்கள். பேஸ் தெளிவாகக் கேட்கவில்லை எனில் அதன் அடியைத் தொடாது, 700 முதல் 1000 வரையுள்ள மேல்பகுதியைச் சற்று உயர்த்துங்கள். மேலொலிகள் கேட்டால் அடியொலியைச் செவி தானே நிரப்பிக்கொள்ளும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1980-களில் இளையராஜா அமைத்த திரைப்பாடல்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் தனியொரு மெட்டாகவே நடந்து செல்லும். அப்பாடல்களை நம் மக்கள் கேட்டது பெரும்பாலும் கையகல டிரான்சிஸ்டர்களில். 41 ஹெர்ட்ஸை எழுப்பும் ஆற்றல் அச்சிறு ஒலிபெருக்கிகளுக்கு இல்லை. ஆயினும் அந்த மெட்டு கேட்டது. ஏனெனில் அதற்குரிய இடத்தை மற்றக் கருவிகள் விட்டுக்கொடுத்திருந்தன. அமெரிக்காவின் மோட்டவுன் இசைக்கூடத்தில் 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்திகளுக்கு அடியில் பஞ்சு வைத்து ஒவ்வொரு சுரத்தையும் விரைந்து அடங்கச் செய்தார். சுரத்தை எழுப்புவது மட்டுமன்று, நிறுத்துவதும் வாசிப்பே. எதிரொலி மிகுந்த ஆலயத்தில் வாசிப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இது.

இனி, கருவியையே அகற்றச் சொல்லும் மூத்தோருக்கு ஒரு சொல். கச்சேரியில் தம்புராவை யாரும் தனியே கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் பாட்டு தரையிழந்து தவிப்பதை எல்லாரும் உணர்வர். பேஸும் அத்தகையதே. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழலார்கனை உயர்வாகப் போற்றியபோதே, ஆலயத்தின் மாண்புக்கு இசைந்து இறைமக்களின் நலத்திற்கு உதவும் பிற கருவிகளுக்கும் உரிய அதிகாரிகளின் இசைவோடு வாயில் திறந்தது. எனவே கருவியின் பெயரைச் சொல்லி அதை விலக்குவது முறையன்று. ஆனால் 1967-இல் வெளிவந்த திருவழிபாட்டு இசை பற்றிய உரோமை ஏடு, கருவிகள் குரலைத் தாங்க வேண்டுமேயன்றி, சொற்கள் விளங்காதவாறு மூழ்கடிக்கலாகாது எனத் தெளிவாக வரையறுத்துள்ளது. இவ்விதியை மீறும் குழுவுக்கு, "இளைஞரின் ஆர்வம்" என்பது சாக்காகாது.

"நெஞ்சு அதிர்ந்தால்தானே உயிர்ப்பு!" என்று வாதிடுவோர் உண்டு. நெஞ்சு அதிர்வது ஒன்று, நெஞ்சு உருகுவது வேறொன்று. அதிர்வுக்குப் பெட்டி போதும். உருகுவதற்குச் சொல் வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எழுத்தறியா மூதாட்டிக்குப் பாட்டுப் புத்தகம் பயன்படாது. பதிலுரைப் பாடலின் சொல் அவர் செவிக்கு எட்டாவிடில், அன்றைய திருப்பாடலை அவரிடமிருந்து நாம் பறித்துவிட்டோம் என்பதே பொருள். பங்கு மக்களின் காணிக்கையைக் கொண்டு இன்னும் பெரிய பெட்டிகளை அமர்த்தி அதனைப் பறிப்பது இரட்டை அநீதி.

ஆகவே பங்குப் பேரவையினருக்கும் பாடகர் குழுத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: பெட்டிகளுக்குப் பணம் ஒதுக்குமுன், ஒத்திகையின்போது ஒருவரைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். தாழ்ந்த ஒலி இடத்திற்கு இடம் மாறுவது. மிக்சர் அருகில் நிற்பவரின் செவியை மட்டும் நம்பாதீர்கள். முதலில் சொல் விளங்குகிறதா என்று கேளுங்கள். அதன்பின் பேஸை மெல்லக் கொண்டுவாருங்கள். சொல் மங்கத் தொடங்கும் இடத்திற்குச் சற்றுமுன் நிறுத்துங்கள். உடலும் உறுப்புகளும் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மேடையில் வாசித்துவிட்டு, அதே மேடையில் ஓர் உறுப்பே முழு உடலாக விரும்புவதை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது. அடித்தளத்தின் பெருமை, வீட்டைத் தாங்குவதில் உள்ளது. வீட்டிற்கு மேல் எழுந்து நிற்பதில் அன்று.