வெள்ளிமலையிலிருந்து தொடங்கும் வரைபடம்

கணினி விளையாட்டுக்கு நிலம் அமைப்பது பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. நிலத்தைத் திணையாக வகுத்த மொழி நம்முடையது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மேப் எடிட்டர் எனப்படும் வரைபடத் தொகுப்பியைத் திறந்து கல்வராயன் மலையை அமைக்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அவருக்குச் சொல்வதற்குச் சில செய்திகள் உண்டு.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவ் ஜான்ஸ்டன் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ விளையாட்டுக்காக 1999-இல் ‘டஸ்ட்’ என்ற வரைபடத்தையும் 2001-இல் ‘டஸ்ட் 2’ என்பதையும் அமைத்தார். பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த நம் தலைமுறை ஒன்றுக்கு அந்த மணல்நிறச் சுவர்கள் சொந்தத் தெருவைவிடப் பழகியவை. எந்த மூலையில் எதிரி பதுங்குவான் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த வீடுகளில் யார் குடியிருந்தார்கள் என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. ஜான்ஸ்டனின் தொழில்திறனில் குறை காண முடியாது. அதே அச்சில் நம் மலையை வார்க்கும்போதுதான் சிக்கல். அடர்ந்த காடு, நடுவே சாராய ஊறல், துப்பாக்கியுடன் நாலு காவலாளிகள் என்று கை தானாகவே வரைந்துவிடும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது செய்திகளின் கண் மலைமேல் திரும்பியது. மெத்தனால் ஆலைகளில் உருவாகும் வேதிப்பொருள், மலையில் ஊறுவதன்று. ஆயினும் அந்தச் சித்திரம் ஒட்டிக்கொண்டது.

மலையாளிப் பழங்குடியினர் உழுது பயிரிட்டு வாழும் ஊர்கள் அங்கே உள்ளன. 1976 வரை அவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். இந்த மனிதர்களை விட்டுவிட்டு மலையை மட்டும் எடுத்துக்கொள்வது மிக எளிது. ஏனெனில் கருவியே அதற்குத்தான் துணைபோகிறது.

நிலத்தின் உயரத் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ரேடாரால் அளந்த அத்தரவில் ஏறத்தாழ முப்பது மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண் மட்டுமே உண்டு. அதில் வீடு இல்லை, ஒற்றையடிப் பாதை இல்லை, வரப்பும் இல்லை. அதை அப்படியே இறக்கிக்கொண்டு மரங்களைத் தூவிவிட்டால் ஆளற்ற மலைதான் மிஞ்சும். தரவை 16 பிட் படமாக இறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவோம். 8 பிட் படத்தில் 256 படிநிலைகளே உண்டு. 3000 அடி ஏற்றத்தை அதில் அடக்கினால் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய பன்னிரண்டு அடி. மலை கோயில் குளத்துப் படிக்கட்டாகிவிடும்.

ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த மலை முழுவதையும் அமைக்க ஆசைப்படவும் கூடாது. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் சாலையில் இரண்டு வளைவுகள், ஓர் ஊர், ஓர் ஓடை போதும். கோமுகி அணையின் நீர்ப்பரப்பு திருப்பங்களில் தெரிந்தும் மறைந்தும் வந்தால், அம்புக்குறி இல்லாமலே ஆடுபவருக்குத் திசை விளங்கும். மரமும் புல்லும் பிறகு. முதலில் வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளை அடுக்கி அதற்குள் நடந்து பார்க்க வேண்டும். அலுக்கும் வழி எது என்று கால் சொல்லிவிடும்.

அளவு பற்றியும் ஒரு சொல். ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுக்கான ‘ஹேமர்’ தொகுப்பியில் மனித உருவம் 72 அலகு உயரம், குனிந்தால் 36. திரையில் உண்மை அளவு நெருக்கமாகத் தோன்றுவதால் வாசலைப் பெரிதாக்கு என்பார்கள் அனுபவசாலிகள். பொதுவிதியாக இது சரி. ஆனால் தாழ்ந்த கூரை வீட்டுக்கு மட்டும் 56 அலகிலேயே வாசலை நிறுத்தலாம் என்பது நம் கட்சி. துப்பாக்கியோடு வருபவனும் குனிந்துதானே நுழைய வேண்டும்!

வரைபடத்தின் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்புவது ஆடுபவரை அவமதிப்பது. செங்குத்துச் சரிவும் வெள்ளம் புரளும் ஓடையும் இருக்கின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கவே இருக்கிறது.

முதல், கரு, உரி என்னும் மூன்றில் உரிப்பொருளுக்கே தொல்காப்பியம் கூடுதல் சிறப்பளிக்கிறது. (திணைக் கோட்பாட்டை எதன் தலையிலும் கட்டும் வழக்கம் நமக்கும் உவப்பானதன்று, இங்கே அது உண்மையிலேயே பொருந்துகிறது.) இங்கே மனிதர் என்ன செய்கிறார் என்பதை முடிவு செய்யாமல் நிலத்தைத் தொடக்கூடாது. ஆடுபவரைச் சமவெளியில் இறக்கி மலையை நோக்கி ஏவுவதே வழக்கம். அப்போது மலை வேட்டைக்களமாகிறது. மாறாக, வெள்ளிமலையில் தொடங்கட்டும். விடியுமுன் தோளில் கடுக்காய் மூட்டை. சுமையிருந்தால் வேகம் பாதியாகும். ஈரப் பாறையில் கால் வழுக்கும். மூட்டையை இறக்கி வைத்தால் விரைந்து நடக்கலாம், ஆனால் சந்தைக்கு வெறுங்கையோடுதான் போய்ச் சேர வேண்டும். கீழே கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சிப் பேருந்து புறப்பட இன்னும் எட்டு நிமிடம் என்று கடிகாரம் ஓடட்டும்.