சவாலாம் சவால்!

வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்து, 'உன்னால் முடியுமா?' என்று சவால் விட்டு, அதைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுவது பிள்ளைகளிடம் தொற்றுநோய் மாதிரி பரவுகிறது. 'விளையாட்டுதானே' என்று விட்டுவிட முடியாது தோழியரே! அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

2012-ல் ஒரு ஸ்பூன் பட்டைத்தூளைத் தண்ணீர் குடிக்காமல் விழுங்கும் பந்தயம் பரவியது. முதல் மூன்று மாதத்தில் மட்டும் 139 பேருக்காக விஷமுறிவு மையங்களுக்கு போன் வந்தது. பட்டையில் என்ன விஷம் என்கிறீர்களா? நாம் பிரியாணிக்குப் போடுகிற சாமான்தான். ஆனால், வறட்டுத்தூள் வாயில் உள்ள எச்சிலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் கரையாமல் தங்கிப் புண்ணாக்கிவிடும்.

2020 ஜனவரியில் இன்னொரு கூத்து. சார்ஜரை பிளக்கில் பாதி மட்டும் செருகி, இடைவெளியில் காசைப் போட்டுத் தீப்பொறி பறக்கவிட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத் தீயணைப்பு அதிகாரியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது, 2018 ஜனவரியில் நடந்தது. வாஷிங்மெஷினில் போடுகிற சோப்புத் திரவம் அங்கே சின்னத் தலையணை போன்ற பொட்டலமாக விற்கிறது. கலர் கலராக, பார்க்க மிட்டாயேதான். ஈரம் பட்டால் மேல்தோல் கரைந்துவிடும். அதை வாயில் போட்டுக் கடித்துப் படம் எடுத்தார்கள். உள்ளே இருப்பது கெட்டியான சோப்பு; வாய், தொண்டை எல்லாம் வெந்துபோகும், மூச்சு திணறும். அந்த வருஷம் முதல் 15 நாளில் 13 முதல் 19 வயதுக்குள், வேண்டுமென்றே செய்ததாகப் பதிவானவை 39. பத்திரிகை, டி.வி., எங்கும் இதே பேச்சு.

ஆனால், யாரும் அதிகம் பேசாத கணக்கு ஒன்று உண்டு. முந்தைய ஆண்டான 2017-ல், அதே பொட்டலத்தால் பாதிப்பு என்று விஷமுறிவு மையங்களுக்கு வந்த தகவல்களில் 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் மட்டும் 10,000-க்கு மேல்! அந்தக் குழந்தைகளுக்கு யாரும் சவால் விடவில்லை, படமும் பிடிக்கவில்லை. கைக்கு எட்டியது, வாய்க்குப் போனது. அவ்வளவுதான்.

டிக்டாக்கை நம் நாட்டில் 2020-லேயே தடை செய்தாயிற்று. இருந்தும் குட்டி வீடியோக்கள் வேறு வழியில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போனைப் பிடுங்கி வைத்தால் பக்கத்து வீட்டுப் போனில் பார்ப்பார்கள். 'செய்யாதே' என்று கத்தினால், செய்து பார்க்கத்தான் தோன்றும். எட்டாவது படிக்கும் என் மகனிடம் பட்டைத்தூள் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். 'சே, இதுக்கா இவ்ளோ பில்டப்பு!' என்று போய்விட்டான். காரணம் புரிந்தால் கவர்ச்சி போய்விடுகிறது.

பெரிய பிள்ளைக்குக் காரணம் சொல்லுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் சோப்பு, பினாயில், ஆசிட்டை மேல் பரணுக்கு ஏற்றுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தப்பித்தவறி சோப்புத் திரவத்தை விழுங்கிவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கழுவிவிட்டு, அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போனில் வருகிற ஆபத்தைத் திட்டுகிற நேரத்தில், நம் பாத்ரூம் அலமாரியையும் ஒரு தடவை குனிந்து பார்க்கலாமே!

— ஒரு குடும்பத்தலைவி, விருதுநகர்.